மீன் குழம்புக்குப் பிறகு தயிர்

கேள்வி: கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. என் பிறந்த வீடு தூத்துக்குடி. மீன் குழம்புச் சோறு முடிந்ததும் கடைசிப் பிடிக்குக் கொஞ்சம் தயிர் ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். இங்கே அத்தை, "மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும்" என்று தயிர்ச் சட்டியையே உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார். ஆயுர்வேதத்தில் இப்படி இருக்கிறதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நாகர்கோவிலில், மீன் வாங்கிய நாளில் அம்மா உறியிலிருந்து தயிரை இறக்கவே மாட்டாள். நான் வைத்தியம் படிக்கப் போன பிறகுதான் ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே முதன்மையாகச் சொல்லியிருப்பது மீனும் பாலும்; தயிர் அல்ல.

ஆயுர்வேதத்தின் பழைய மூலநூலான சரக சம்ஹிதை, சூத்திர ஸ்தானம் என்ற பகுதி, 26-ஆம் அத்தியாயம். முனிவர்கள் கூடிப் பேசுகிறார்கள். மீன் சூட்டு வீரியம், பால் குளிர்ந்த வீரியம். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும், உடம்பின் பாதைகள் அடைபடும் என்கிறார் ஆசானான ஆத்ரேயர். பத்ரகாப்யர் என்பவர் விடவில்லை. சிலிசிமம் என்ற ஒரு மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாலோடு சாப்பிடலாம் என்று வாதாடுகிறார். சிவந்த கண், உடம்பெல்லாம் சிவப்புக் கோடு, தரையிலும் ஊரும் என்று அந்த மீனுக்கு அங்க அடையாளம் வேறு! கடைசியில் ஆத்ரேயர், எந்த மீனும் பாலோடு வேண்டாம், சிலிசிமம் வேண்டவே வேண்டாம் என்று முடித்துவிடுகிறார். அன்றைக்கே சண்டை இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தயிரோடு சேர்க்காதே என்று வாக்படர் என்ற இன்னொரு ஆயுர்வேத ஆசிரியர் தம் அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் எதைச் சொல்கிறார் தெரியுமா? கோழியை. சிக்கன் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம், ஒருவரும் சட்டியை ஒளித்துவைப்பதில்லை. வங்காளத்திலோ மீனைத் தயிரிலேயே போட்டுச் சமைக்கிறார்கள்; தோய் மாச் இல்லாத விருந்தா என்பார்கள்.

விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று ஒவ்வாத உணவுச் சேர்க்கை, தோல் நோய்க்கு ஒரு காரணம் என்று சரகர் சொல்லியிருப்பது உண்மை; அத்தையின் பயம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது. தயிர் அதைக் கொண்டுவராது. 'குஷ்டம்' என்ற சொல்லையும் விட்டுவிடச் சொல்லுங்கள். தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீன் சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. "தயிர் ஊத்திட்டேன் டாக்டர்" என்பார்கள். என்ன மீன் என்று கேட்டால் அயிலை, இல்லாவிட்டால் சூரை. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த அந்த மீன்களில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பழி மட்டும் தயிருக்கு.

அதே 26-ஆம் அத்தியாயம் ஒரு விலக்கும் தருகிறது. பழகிப்போனவர்கள், கொஞ்சமாகச் சாப்பிடுபவர்கள், நல்ல பசியுள்ளவர்கள், இளம் வயதினர், உடல் உழைப்பாளிகள் ஆகியோரை விருத்தம் ஒன்றும் செய்யாது என்கிறது. இதில் நீங்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மதியம் ஊற்றிக்கொள்ளுங்கள். இரவில் மட்டும் தயிர் வேண்டாம், அதைச் சரகரும் தடுக்கிறார். அத்தையிடம் சரகரைக் காட்டி வாதாடவும் வேண்டாம். பிறந்த வீட்டுக்குப் போகும்போது ஆசை தீரச் சாப்பிட்டு வாருங்கள்.

கேள்வி: வயது 61. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உப்புசம், புளித்த ஏப்பம். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று முழுப் பட்டியல் தர முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தரமாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்மாவுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாலோடு முள்ளங்கி கூடாது, கொள்ளு கூடாது, மோரோடு வாழைப்பழம் கூடாது என்று. மூன்று மாதம் கழித்துக் கன்னம் ஒட்டி வந்தார். பயத்தில் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. உப்புசம் அப்படியே இருந்தது. அப்போதுதான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? ஏழு மணிக்கு டீயும் நாலு பஜ்ஜியும், ஒன்பதுக்கு இட்லி. முந்தியது செரிக்குமுன் அடுத்தது. இதற்கு அத்யசனம் என்று தனிப் பெயரே உண்டு. முன் உண்டது செரித்ததை அறிந்து உண் என்று வள்ளுவர் 'அற்றது அறிந்து' எனச் சொல்வதும் இதற்காகத்தான். பஜ்ஜியை நிறுத்தினோம், பட்டியலைக் கிழித்துப்போட்டோம், சரியாயிற்று.

நீங்கள் சாயங்காலம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள். எடை குறைந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: தேனும் நெய்யும் சேர்ந்தால் நஞ்சாமே, பழனிப் பஞ்சாமிர்தத்தில் இரண்டும் இருக்கிறதே? எட்டு மாதப் பேரனுக்கு நாக்கில் தடவலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சம அளவில் சேர்ந்தால்தான் விருத்தம். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரே 'மாறல்ல துய்க்க' (ஒவ்வாமை இல்லாததை உண்) என்ற இடத்தில், தேனும் நெய்யும் அளவு ஒத்தால் நஞ்சாகும் என்று இதை உதாரணம் காட்டுகிறார். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் சர்க்கரையும்தான் பெரும்பங்கு; நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பேரனுக்கு வேண்டாம். இது விருத்தத்தால் அல்ல, தேனால். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். குழந்தை துவண்டுபோகும், மூச்சுகூடத் திணறும். ஒரு வயது நிறையட்டும்.