காசு கொடுத்தால் ஆந்தையும் அவர்களுடையதா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஃப்ரீலான்ஸ் ஓவியர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு 32 பக்கப் படக்கதை வரைந்து கொடுத்தேன். ஒப்பந்தம் போடவில்லை, எல்லாம் ஈமெயிலில்தான். கதையில் வரும் குட்டி ஆந்தைக்கு உருவம் கொடுத்தது நான். இப்போது அந்த ஆந்தை நோட்டு அட்டையிலும் யூடியூப் வீடியோவிலும் வருகிறது. இரண்டாம் பாகத்தை வேறொருவர் என் ஆந்தையைப் பார்த்தே வரைந்திருக்கிறார். மறுபதிப்பில் என் பெயர் இல்லை. கேட்டால் "காசு கொடுத்துவிட்டோமே" என்கிறார்கள், கடைசித் தவணையோ இன்னும் வரவில்லை. அடுத்த புத்தகத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பாக்கியையும் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா? சண்டை போட்டால் இனி யாரும் வேலை தரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போடாதீர்கள். இப்போதிருக்கிற வடிவத்தில் போடவே போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். முதல் நான்கு பக்கமும் அடுத்த புத்தகத்தைப் பற்றித்தான், எல்லாம் வழக்கமான சங்கதி. ஐந்தாம் பக்கத்தில், "இதற்கு முன் செய்து கொடுத்த எல்லாப் படங்களுக்கும் அவற்றில் உள்ள கதாபாத்திரங்களுக்கும் உரிய முழு உரிமையும், எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வரி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆந்தை ஏற்கெனவே அவர்களுடையது என்றால் அதை உங்களிடம் இப்போது எதற்கு எழுதி வாங்க வேண்டும்? நோட்டு, வீடியோ என்று வியாபாரம் பெரிதாகும்போது யாரோ ஒருவர், அநேகமாக அவர்களுடைய வக்கீலே, "ஓவியர் எழுதிக் கொடுத்த காகிதம் எங்கே?" என்று கேட்டிருப்பார். அந்தக் காகிதத்தைத்தான் உங்கள் பழைய பாக்கியைக் காட்டி வாங்கப் பார்க்கிறார்கள்.

இனி சட்டம். நாட்டைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், சரி. இதே சிக்கலில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் பொதுவானதைச் சொல்லி, மாறுகிற இடங்களையும் காட்டுகிறேன்.

படத்தை வரைந்த கணமே அதன் காப்பிரைட், அதாவது பதிப்புரிமை, வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஓரத்தில் வட்டம் போட்டு 'சி' எழுத வேண்டியதும் இல்லை. 1886இல் உருவாகி இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின் அடிப்படை இது. பதிப்பகம் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தப் படத்தைக் குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதிக்கானது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் கிரயம் எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கிரயம் என்றால் காகிதமும் கையெழுத்தும் வேண்டும். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா, மலேசியா என்று பல நாடுகளில் பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே, உயிரோடிருக்கும் ஓவியர் தன் பதிப்புரிமையை விற்கவே முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்க முடியும்.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, பல ஓவியர்களுக்கு இது தெரிவதில்லை. சில நாடுகளில், காசு கொடுத்து வரையச் சொன்னால் வரையச் சொன்னவரே உரிமையாளர் ஆகிவிடுவார். இந்தியாவில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவு, கூலி கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையவைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. டிஜிட்டலில் வரைந்த கதைப்படம் அந்த 'ஓவியம்' என்ற சொல்லுக்குள் வருமா என்று வாதாட இடம் உண்டு, ஆனாலும் அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்கச் சொல்லமாட்டேன். மலேசியாவிலும் வரையச் சொன்னவருக்கு உரிமை மாறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், நீங்கள் இருவரும் வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை. சிங்கப்பூரில் போட்டோவுக்கும் உருவப்படத்துக்கும் இருந்த இதே மாதிரி விதியை 2021ஆம் வருஷத்துச் சட்டம் படைப்பாளி பக்கம் திருப்பிவிட்டது. அமெரிக்காவில் 'ஒர்க் மேட் ஃபார் ஹையர்' என்று ஒன்று உண்டு, அதாவது செய்தவருக்கு இல்லாமல் செய்யச் சொன்னவருக்கே உரிமை போகிற வேலை. இன்னொருவர் எழுதிய கதைக்கு வரையும் படங்கள் அதற்குள் வரலாம், ஆனால் அப்படித்தான் என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

கவனித்தீர்களா, இந்தியாவிலும் மலேசியாவிலும் "வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால்" என்றுதான் வருகிறது. நீங்கள் பேசியிருக்கிறீர்கள். எடிட்டர் அனுப்பிய முதல் மெயிலில் "இந்தப் புத்தகத்தின் அச்சுப் பதிப்புக்கு" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய பில்லில் "அச்சுப் பதிப்புக்கான 14 ஸ்ப்ரெட், அட்டைப்படம்" என்று இருக்கிறது (ஸ்ப்ரெட் என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரையும் படம்), அதை ஏற்றுக்கொண்டுதான் இரண்டு தவணை கொடுத்திருக்கிறார்கள். பழக்கத்தில் எழுதிய வரியோ யோசித்து எழுதியதோ தெரியாது, அதைப் படித்தபோது உங்களுக்குக் கை கொடுக்கத் தோன்றியது. நோட்டும் வீடியோவும் பேச்சிலேயே இல்லை என்பதற்கு அதுதான் உங்கள் முதல் சாட்சி.

ஆந்தையை வேறொருவர் வரைந்தது பற்றி. கண்ணாடி போட்ட ஆந்தை என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, நாளைக்கே இன்னொருவர் இன்னொரு ஆந்தைக்குக் கண்ணாடி மாட்டலாம். உங்கள் ஆந்தையின் அந்த வளைந்த புருவம், ஒரு பக்கம் சாய்ந்த இறகு, கண்ணாடியின் உடைந்த ஓரம், இவை சேர்ந்த உருவம்தான் பாதுகாக்கப்படுவது. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இது தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு எச்சரிக்கை: கதாசிரியர் தன் பிரதியிலேயே உடைந்த கண்ணாடியை எழுதியிருந்தால் அந்த அளவுக்கு ஆந்தையில் அவருக்கும் பங்கு உண்டு. முதல் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

பெயர் விஷயம் தனி. உரிமையை முழுதாக விற்றுவிட்டாலும் 'இதை வரைந்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் தார்மிக உரிமை படைப்பாளிக்கே என்கிறது பெர்ன் உடன்படிக்கை. இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பிரிட்டனிலோ அந்த உரிமையை எழுத்தில் கோரியிருக்க வேண்டும். அங்கே வெளியாகும் புத்தகங்களில் பதிப்பு விவரம் போடும் பக்கத்தில் எழுத்தாளர் தன் உரிமையைக் கோருகிறார் என்று ஒரு வாக்கியம் இருக்கும், ஓவியர் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் புத்தகப் படங்களுக்கு இந்த உரிமை சட்டத்தில் கிடைக்காது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

அப்புறம் பாக்கித் தவணை. இதை உரிமைப் பேச்சோடு கலக்கவே கலக்காதீர்கள், அவர்கள்தான் கலக்கப் பார்க்கிறார்கள். வேலை முடிந்தது, ஃபைல் போய்விட்டது, புத்தகம் மறுபதிப்பே கண்டுவிட்டது; புதுக் கையெழுத்துக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம், இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொதுவாக 6 வருஷம். உங்களுக்கு இரண்டு வருஷம் ஓடிவிட்டது என்பதால் முதலில் அனுப்ப வேண்டிய கடிதம் இதுதான்: பில் எண், தேதி, தொகை, 15 நாள் கெடு. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம், கோபம் சுத்தமாக வேண்டாம்.

இரண்டாவது கடிதம் ஆந்தைக்கு. அதற்கு முன் சாட்சிகளைச் சேருங்கள். ஸ்கெட்ச் புத்தகம், தேதியோடு இருக்கிற லேயர் ஃபைல்கள் (படத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்காக இருக்கும் மூல ஃபைல்கள்), எடிட்டர் "ஆந்தை அருமை" என்று எழுதிய மெயில், அந்த நோட்டில் ஒன்றை வாங்கி ரசீதோடு பத்திரப்படுத்தியது, வீடியோவின் ஸ்கிரீன்ஷாட், எல்லாம். சமூக வலைத்தளத்தில் இப்போதைக்கு ஒன்றும் எழுதாதீர்கள். ஆதரவு குவியும், அதோடு அவதூறு நோட்டீஸும் வரலாம், பேரமும் கெட்டுப்போகும். கடிதத்தில், அச்சுப் பதிப்பைத் தாண்டிய பயன்பாட்டுக்கு நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று பதிவு செய்துவிட்டு, நோட்டுக்கும் வீடியோவுக்கும் இரண்டாம் பாகத்துக்கும் தனித்தனியாக உரிமம் தரத் தயார், என்ன விகிதத்தில் ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, தருவீர்கள் என்று கேளுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோட்டுகள் ஏற்கெனவே அச்சாகிக் கடைக்குப் போய்விட்டன, உங்களோடு ஒரு ஏற்பாட்டுக்கு வருவது உங்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம்.

புது ஒப்பந்தத்தை மொத்தமாக மறுக்க வேண்டியதில்லை. அந்த ஐந்தாம் பக்க வரியை அடித்துவிட்டு, எந்த வடிவம், எந்த மொழி, எந்த நாடு, எத்தனை வருஷம் என்று எழுதச் சொல்லுங்கள் (இந்தியச் சட்டப்படி காலம் எழுதாத உரிமை மாற்றம் 5 வருஷம்தான் என்பது தெரிந்தால் அவர்களே எழுதுவார்கள்). முழுப் பணமும் வந்த பிறகே உரிமை கைமாறும் என்று ஒரு வரி, எத்தனை சுற்று கரெக்‌ஷன் இலவசம் என்று ஒரு வரி, நிராகரித்த ஸ்கெட்சுகள் உங்களுடையவை என்று ஒரு வரி, படங்களை ஏஐ மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி. லேயர் ஃபைல் கேட்டால் அதற்குத் தனி விலை. ஃபைலைக் கொடுப்பதால் உரிமை போய்விடாது, ஆனால் அது கையில் இருந்தால் ஆந்தையை வெட்டி எங்கே வேண்டுமானாலும் ஒட்டுவது சுலபம், உங்கள் விஷயத்தில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடிதம் போன மறுநாளே எடிட்டர் போன் செய்து பாசமாகப் பேசுவார். பேசுங்கள், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். போனை வைத்ததும் "இன்று போனில் நீங்கள் சொன்னது இவை" என்று நாலு வரியில் மெயில் அனுப்பிவிடுங்கள்.