நியூ ஜெர்சிக்குக் கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் மேற்கு மாம்பலத்திலிருந்து நியூ ஜெர்சி கிளம்புகிறேன். மாப்பிள்ளைச் சம்பா அரிசி, கறிவேப்பிலை, கொப்பரை, மாவடு, பருப்புப்பொடி, வீட்டில் கிண்டிய லேகியம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். "சாப்பாட்டுச் சாமான் எதுவும் இல்லைன்னு சொல்லிடுங்க, பிரச்சினையே வராது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து அப்படி மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அமெரிக்க விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் கூடாத பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம்.

என் சித்தி ஒருமுறை கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போனார். அங்கே விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று அவர் பெட்டியருகே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாய் உட்கார்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். புடவை புடவையாகப் பிரித்துப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவே அவர் நின்றதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

அவர்கள் காரணமில்லாமல் கெடுபிடி செய்யவில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பம். இலையில் ஒட்டிவரும் ஒரு குட்டிப் பூச்சி ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். ஃபுளோரிடாவில் 2005-இல் தென்பட்ட அந்த நோய், தோட்டம் தோட்டமாக அழித்துவிட்டது. அதனால் பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரிசியும் வேண்டாம். தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து, நம் நாட்டு அரிசியைப் பெட்டியில் கொண்டுவர 2011-இலேயே தடை போட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியிலேயே எடிசன் என்ற ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் நம் ஊர் மளிகைக் கடைகள் நிறைய உண்டு, மகளை அங்கே வாங்கச் சொல்லுங்கள்.

கொப்பரை மீனம்பாக்கத்தைத் தாண்டாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதியில்லை.

மாவடுவும் பருப்புப்பொடியும் எடுத்துப் போகலாம். மாவடுவைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் திரவத்தை விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். கடையில் வாங்குவதானால் "ஏர்டைட்டா பேக் பண்ணித் தர்றோம்" என்ற பேச்சோடு விட்டுவிடாதீர்கள். பொருளின் பெயர், சேர்மானம், தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) எல்லாம் அச்சிட்ட லேபிளும் பில்லும் கேட்டு வாங்குங்கள். வெற்று பிளாஸ்டிக் கவரில் இருக்கும் பழுப்புப் பொடி என்னவென்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

லேகியத்துக்கும் இதே கதைதான். வீட்டில் கிண்டியது எத்தனை அருமையாக இருந்தாலும், லேபிளோடு சீல் வைத்த டப்பாவாக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வதே என் யோசனை.

அப்புறம், ஒரு தாளில் எல்லாப் பொருளின் பெயரையும் ஆங்கிலத்தில் மகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சாப்பாட்டுச் சாமான் உண்டா என்று கேட்டதும் "யெஸ்" என்று சொல்லி அந்தத் தாளை நீட்டுங்கள்.