ஒப்பந்தச் சாகுபடியும் சிறு விவசாயியின் நிம்மதியும்: கேள்வி பதில்

விளைச்சலை ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு பயிரிடுவதுதான் ஒப்பந்தச் சாகுபடி. அதுபற்றிக் கடலூர், புதுச்சேரிப் பகுதிச் சிறு விவசாயிகள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): ஐயா, எனக்கு இருப்பது இரண்டு காணி நிலம். காகித ஆலைக்கு ஒப்பந்தத்தில் சவுக்கு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: முழுவதையும் போடாதீர்கள். சவுக்கு வெட்டுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வட்டிக்கு வாங்கினால், வெட்டும் நாளில் வரும் தொகையில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போய்விடும். ஒரு காணியை நெல்லுக்கோ மணிலாவுக்கோ (நிலக்கடலை) வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது இந்தக் கரையோரத்தில் முந்திரியும் சவுக்கும் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நாள் வந்தால் கன்றுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பதற்குக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கரும்பைச் சர்க்கரை ஆலையில் பதிவு செய்தும் கட்டிங் ஆர்டர் (வெட்டுவதற்கு ஆலை தரும் உத்தரவு) தாமதமாகிறது, பணமும் தாமதமாகிறது. என்ன செய்வது?

பதில்: 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர வேண்டும். அதை எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (விருத்தாசலம்): ஒப்பந்தத்தில் வருமானம் கூடியும் சிலர் ஏன் விலகிவிடுகிறார்கள்?

பதில்: இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கானா நாட்டில் எண்ணெய்ப்பனை பயிரிடும் சிறு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், ஒப்பந்தத்தால் பலன் கிடைத்தும் பலர் மனக்குறையோடு இருந்தது தெரியவந்தது. நிறுவனத்தின் மீதான நம்பிக்கைக் குறைவும் வெளிப்படைத்தன்மை இல்லாததுமே அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் ஊரிலும் அதே கதைதான். ஓர் எடைமேடையில் இரவெல்லாம் டிராக்டரோடு காத்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். காலையில் அவர் கைக்கு வந்த கார்பன் நகலில் மொத்த எடை மட்டுமே தெளிவாகத் தெரிந்தது, கழிவு, அதாவது மொத்த எடையில் கழித்த அளவு, என்ற கட்டத்தில் இருந்த எண்ணை எவராலும் படிக்க முடியவில்லை. அவர் சண்டை போடவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார், மறு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விலையில் நூறு ரூபாய் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும் விவசாயி, கண்ணுக்குத் தெரியாமல் கழிக்கப்படும் பத்து கிலோவைத் தாங்கமாட்டார். ஆகவே எடை போடும்போது நீங்கள் உடன் நிற்கலாம், கழிவின் காரணத்தைச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சவுக்கு என்றால், வெட்டிய மரம் காயக் காய எடை குறையும் என்பதால், ஏற்றிச் செல்லும் நாளையும் அதில் குறிக்க வேண்டும்.

கேள்வி (பாகூர்): தமிழ்நாட்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 2019இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம், ஒப்பந்த நாளிலேயே விலையை முடிவு செய்து, ஒப்பந்தத்தை வேளாண் வணிகத் துறை அதிகாரிகளிடம் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் பாகூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஒப்பந்தப் பண்ணையம் பற்றிய ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுச் சட்டமும் 2021இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆகவே உங்களுக்குப் பொதுவான இந்திய ஒப்பந்தச் சட்டமே துணை. தாளில் இல்லாத வாய்மொழி வாக்குறுதியை நம்பி விதைக்காதீர்கள்.

கேள்வி (பண்ருட்டி): ஐயா, கையெழுத்துப் போட்டவர் என் கணவர், களை எடுப்பதும் காய் பறிப்பதும் நான். பணம் வருவது அவர் கணக்குக்கு. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே?

பதில்: கேட்க வேண்டும் அம்மா. நிறுவனங்கள் பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ளவரோடுதான் ஒப்பந்தம் செய்கின்றன. பறிப்பு நாட்கள் நெருங்கும்போது வேலைப்பளு மட்டும் பெண்கள் மீது விழுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் குடும்பத்தின் நலன் உயர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக் கூட்டு ஒப்பந்தமாகப் போடச் சொல்லுங்கள், வங்கிக் கணக்கையும் இருவர் பெயரில் கொடுங்கள். கணவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால், நிறுவனத்தின் களப்பணியாளர் வீட்டுக்கு வரும் நாளில் இருவரும் இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுங்கள்.