பின்பக்க மேட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர்கள், இரண்டு குடும்பத்திலும் வீடு வாங்கப்போகும் முதல் ஆட்கள் நாங்கள்தான். ஹட்டனுக்குப் பக்கத்தில் 10 பேர்ச் காணியில் வீடு, விலை 90 லட்சம். பின்னால் மண் வெட்டிய மேடு, அதற்கு மேலே தேயிலை. கையில் 40 லட்சம் இருக்கிறது. 50 லட்சம் வங்கிக் கடன், 15 வருடம். புரோக்கர் இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம், டீச்சர்.

40உம் 50உம் சரியாக 90. அப்போது உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் செலவுக்கு எங்கே போவீர்கள்? முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. அதுவே 359,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம் வேறு. வங்கி பார்ப்பதும் விற்பவர் சொல்லும் விலையை அல்ல, தன் மதிப்பீட்டாளர் எழுதும் பெறுமதியை. அது குறைந்தால் கடனும் குறையும். வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது என்று கேளுங்கள். 12% என்றால் மாதத் தவணை சுமார் 60,000, அதுவே 18% ஆனால் 80,500. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, காசுக்கு ஏதாவது வழி பார்க்கலாம். அந்த மேட்டுக்குத்தான் வழி இல்லை. நானே முதல் வீட்டைப் பெப்ரவரி வெயிலில் பார்த்து மயங்கினவன். ஜூன் மழையில் குசினிச் சுவரில் ஊற்று வந்தது. தாங்கு சுவர் கட்டியதில் இரண்டு வருடச் சேமிப்பு கரைந்தது. ஆகவே நல்ல மழை நாளில் குடையோடு போங்கள். மேட்டில் வெடிப்பு உண்டா, மரங்களும் மின்கம்பமும் சாய்ந்திருக்கின்றனவா, மேலே தேயிலையிலிருந்து வரும் கான் தண்ணீர் எங்கே விழுகிறது, புதிதாகச் சேற்றுத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். புதுச் சுண்ணாம்பு பூசிய சுவரை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு தேத்தண்ணி குடித்தால் புரோக்கர் சொல்லாததெல்லாம் வந்துவிடும். அப்புறம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலையைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள்.

உறுதியைச் சட்டத்தரணி 30 வருடம் பின்னோக்கித் தேடட்டும். சின்னக்கர உறுதி, அதாவது முழுச் சொந்தக் காணி என்றால் நல்லது. ஜயபூமி மாதிரி அரச அளிப்பு என்றால், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் எழுதும் விற்பனை செல்லாது. பாதை தோட்டக் காணி வழியாக வருகிறதா? அப்படியானால் பாதை உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். இந்தத் துரை (தோட்ட முகாமையாளர்) விடுவார், அடுத்த துரை கேட் போடுவார்.

இவ்வளவும் சரியாக வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள். அதையும் வெறும் கைத்துண்டில் வேண்டாம், நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதி, கடன் கிடைக்காவிட்டாலோ அபாய அறிக்கை பாதகமாக வந்தாலோ 2 லட்சமும் திரும்பத் தர வேண்டும் என்ற வரியோடு.