பண்டாரநாயக்க வழக்கு: எதைக் கேள்வியாக எடுப்பது?

தம்பி, 1959இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றி, 'மூன்று பேரும் தூக்கில் போடப்பட்டதாக ஒரு இடத்தில் இருக்கு, ஒருவர்தான் என்று இன்னொரு இடத்தில் இருக்கு, ஒப்படையை எப்படித் தொடங்குறது' என்று கேட்டிருந்தீங்க.

தூக்கிலிடப்பட்டது பிரதமரைச் சுட்ட சோமராம தேரர் மட்டும்தான், 1962 ஜூலையில். 1961 மே மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டது மூவருக்கு. கொலைச் சதிக்காகத் தண்டிக்கப்பட்ட களனி விகாரைத் தலைமைப் பிக்கு புத்தரக்கித்த, வர்த்தகர் எச்.பி. ஜயவர்தன இருவருக்கும் மேன்முறையீட்டில் அது ஆயுள் சிறையானது. காரணம்தான் சுவாரசியம். மரண தண்டனையை 1958இல் நிறுத்திவைத்ததே பண்டாரநாயக்க அரசாங்கம். கொலைக்குப் பிறகு அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்த சட்டம், முன்நடந்த கொலைக்குப் பொருந்தியது, ஆனால் கொலைச் சதிக் குற்றத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. உங்கட ஒப்படைக்கு இதுவே போதும் என்பேன்.

'பின்னால் வேறு யார்' என்ற கேள்விக்கு 1963இல் அமைத்த ஆணைக்குழுவின் அறிக்கையைப் பாருங்க. எகிப்து, கானா நீதிபதிகளும் அதில் இருந்தாங்க. அவரது அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த விமலா விஜேவர்தன கைதானதை எழுதினால், நீதவான் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டதையும் எழுதுங்க. இணையத்தில் அந்தப் பாதியை விழுங்கிவிடுவாங்க.

கொழும்பு 7 சுவடிகள் திணைக்களத்தில் 1961 பெப்ரவரி முதல் மே வரையான வீரகேசரி, தினகரன் கேளுங்க. பழைய கட்டுகளைப் புரட்டினால் தாளின் ஓரம் தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாக மடியில் கொட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். பென்சில் கொண்டுபோங்க. பண்டாரநாயக்க சுடப்பட்ட ரொஸ்மிட் பிளேஸ் வீட்டு விறாந்தையையும் வெளியில் நின்று ஒருக்கா பார்த்திட்டு வாங்க.