காய்ச்சலுக்குப் பின் ரத்தம் உறைவது ஏன்? டாக்டர் அக்காவிடம் கேள்விகள்

முக்கூடல்: அக்கா, ஃப்ளூ வந்து நாலாம் நாள் பெரியப்பாவுக்கு மாரடைப்பு. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ரத்தக்குழாயின் உள்பக்கம் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. அது நன்றாக இருக்கும்வரை ரத்தம் ஒட்டாமல் ஓடும். கொரோனா, ஃப்ளூ போன்ற தொற்றில் அந்தப் படலம் புண்ணாகிறது, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் கூடுகின்றன. ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்பு வெடித்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். கனடாவில் 2018இல் வந்த ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு சுமார் 6 மடங்கு அதிகம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் காய்ச்சல் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

களக்காடு: காய்ச்சல் வந்ததும் ஆஸ்பிரின் போடலாமா?

கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும்.

வள்ளியூர்: மச்சான் 2021இல் கோவிஷீல்டு போட்டான். இப்போது மாரடைப்பு. ஊசிதானே காரணம்?

அந்த ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறையும். வருஷங்கள் கழித்து வருவதில்லை. மச்சான் பீடி குடிப்பாரா?

வள்ளியூர்: குடிப்பான். ஆனால் வயசு 38தான்.

புகையும் அதே படலத்தைத்தான் புண்ணாக்குகிறது. 38 வயதில் மாரடைப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

ஆலங்குளம்: எங்கள் தாத்தா 80 வரைக்கும் பீடி குடித்தாரே?

அவரோடு திண்ணையில் உட்கார்ந்து குடித்து ஐம்பதில் போனவர்களையும் எண்ணுங்கள், அண்ணாச்சி.

சங்கரன்கோவில்: பச்சைப்பூண்டு?

குழம்பில் போடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்காது.

அம்பாசமுத்திரம்: பக்கவாதம் என்று எப்படித் தெரியும்?

ஒரு அம்மா, கொரோனா விட்டுப் பத்தாம் நாள் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். வலதுகையிலிருந்து கத்தரி நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. அசதி என்று மகள் எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்தாள். விடிந்து கூட்டிவந்தபோது பேச்சு இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் கசிவா அடைப்பா என்று சிடி எடுக்க வேண்டும். அம்பையிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகுமே! வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் மணியைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

கடையம்: அக்கா, ஆஸ்பிரின் 75 என்றால் பரவாயில்லையா?

களக்காட்டுக்குச் சொன்னதுதான். 75ம் ஆஸ்பிரின்தான். முதலில் டெங்கு பரிசோதனை செய்யுங்கள்.