பை அப்புறம், கிளம்பும் நேரம் முதலில்

கேள்வி: சென்னை தாம்பரத்தை அடுத்த வரதராஜபுரத்தில் தரைத்தள வீடு. 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டோம். இப்போது வீட்டில் 72 வயது மாமியார் இருக்கிறார், இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலி. மகன் மூன்றாம் வகுப்பு. கணவருக்கு ஷிப்ட் வேலை, பாதி நாள் ராத்திரி வீட்டில் இருக்க மாட்டார். ஒரு நாயும் உண்டு. மழைக்காலத்துக்கு முன் ஒரு அவசரப் பை தயார் செய்ய நினைக்கிறேன். என்னென்ன வைக்கட்டும்?

பதில்: பையைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பெரும்பாலான வீடுகளில் பொருளுக்குக் குறைவில்லை. ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று இருந்ததுதான் பிரச்சினை. எப்போது கிளம்புவது, எங்கே போவது என்ற இரண்டையும் வெயில் அடிக்கிற நாளிலேயே நீங்களும் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் பகுதியில் பலரும் செம்பரம்பாக்கம் ஏரிச் செய்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. ஆறு ஓடும் திசையில் அது உங்களுக்குக் கீழே. பக்கத்து முடிச்சூருக்கும் உங்கள் வரதராஜபுரத்துக்கும் தண்ணீர் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால். ஆகவே ‘செம்பரம்பாக்கம் இன்னும் திறக்கவில்லை’ என்ற செய்தியை நம்பி நீங்கள் தூங்கப் போகக் கூடாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த அளவு மழை பெய்தால், எந்த ஏரியின் மதகையும் யாரும் திறக்காமலேயே வெள்ளம் வந்துவிடும்.

சரி, எதை வைத்துக் கிளம்புவது? காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை என்றால், அன்று மதியத்துக்குள் கிளம்புங்கள். ஆதனூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏரி வழிகிறது என்று அவர் சொன்னால் எச்சரிக்கையின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது அடையாளம் உங்கள் தெருவிலேயே இருக்கட்டும். மின்கம்பத்தில் கணுக்கால் உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் பேச்சே இல்லை. இந்த மூன்றில் எது முதலில் வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். கணவர் ஷிப்டில் இருந்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், அவர் நேரே நீங்கள் போகும் இடத்துக்கு வரட்டும். இதை இப்போதே பேசி வையுங்கள், அன்றைக்குச் செல்போன் டவர் வேலை செய்யாமல் போகலாம்.

இருட்டுவதற்கு முன் போய்விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துப் போய்விடும். திறந்து கிடக்கும் கால்வாய் எது, ரோடு எது என்று ராத்திரியில் தெரியாது. முழங்கால் வலியுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதில் இறங்கவே கூடாது.

போகும் இடம் மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீடாக இருந்தால் நல்லது. அவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். இரண்டாவதாக, உங்கள் ஊராட்சியில் எந்தப் பள்ளியை நிவாரண முகாமாக வைப்பார்கள் என்று விசாரியுங்கள். அங்கே நாயைச் சேர்ப்பார்களா என்றும் அப்போதே கேளுங்கள். சேர்க்க மாட்டார்கள் என்றால் அதற்கு இப்போதே வேறு இடம் பாருங்கள். வீட்டில் கட்டிப்போட்டு விட்டுப் போவது மட்டும் வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அவசர மையம் 1070. இவற்றை உறவினர் எண்களோடு ஒரு அட்டையில் எழுதி மகன் பையிலும் மாமியார் பையிலும் வையுங்கள்.

இப்போது பை. முதல் இடம் மாமியாரின் இன்சுலினுக்கு. பயன்பாட்டில் உள்ள பேனாவோ குப்பியோ பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும். எந்த வகை எத்தனை நாள் என்பது பெட்டியிலேயே இருக்கும், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காததற்குத்தான் குளிர்ச்சி வேண்டும். அதை ஒரு சிறிய டப்பாவில் ஈரம் படாமல் மூடி, டப்பாவைச் சுற்றி ஈரத்துணி கட்டி, நிழலில் வைத்திருங்கள். ஐஸ் கட்டி மேல் நேராக வைக்க வேண்டாம், உறைந்துபோன இன்சுலின் அப்புறம் உருகினாலும் உதவாது. ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, மருந்துச் சீட்டு எல்லாம் அதே பையில் இருக்கட்டும். முகாமில் சாப்பாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை சட்டென்று இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் அவர் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், காப்பீட்டுத் தாள்களை இரட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றிவிடலாம். பணம் ரொக்கமாக வேண்டும், அதுவும் பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாக. கரன்ட்டும் நெட்டும் போனால் ஜிபே வேலை செய்யாது. டார்ச், பவர் பேங்க், ஒரு செட் துணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கில் குடிதண்ணீர். மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். பையை நீங்கள் ஒருவரே தூக்க முடிய வேண்டும், ஏனென்றால் இன்னொரு கை மாமியாருக்கு வேண்டும்.

கதவைப் பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரைத் தனியாக அணைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு வயரிங்கில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காலடியில் தண்ணீர் வந்துவிட்டால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். கழிவறைக் கோப்பையிலும் குளியலறைத் துளையிலும் மணல் மூட்டை வைத்தால் சாக்கடை எதிர்த்து வருவதைக் கொஞ்சம் தடுக்கலாம். வண்டியை முதல் நாளே மேட்டில் நிறுத்துங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை வந்ததும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் மொத்தமும் போய்விடும்.

மாமியார் ‘வீட்டைப் போட்டுவிட்டு நான் எங்கே வருவது’ என்பார். அன்றைக்கு அவரோடு வாதாட நேரம் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், மழை இல்லாதபோது, எல்லோருமாக ஒரு முறை கிளம்பிப் பாருங்கள். பையை எடுத்து, சுவிட்சுகளை அணைத்து, நாயைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் உறவினர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவர் படியிறங்கி ஆட்டோ ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உண்மையான மழை நாளில் அதைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டு உங்கள் நேரத்தை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.